அரணும் புகலும்

1. தோற்றுவாய்

அரசியல் நிலைகுலைந்து, வழிகள் அடைபட்டு, ஊர்கள் பாழ்படும் காலத்தில் மக்கள் யாண்டுச் சென்று உயிர் பிழைத்தனர் என்னும் வினா வரலாற்று நூல்களில் பெரும்பாலும் எழுப்பப்படுவதில்லை. எந்த மன்னன் எந்தக் கோட்டையை எவ்வாண்டில் கைப்பற்றினான் என்பதைக் கல்வெட்டுகள் கூறும், மெய்க்கீர்த்திகள் விரித்துரைக்கும். அக்கோட்டையினின்று நீங்கியோர் எவ்விடத்தைத் தேர்ந்தனர், ஏன் அதனைத் தேர்ந்தனர், அங்கு எதனை உண்டனர், அவர்க்கு இடம் தந்தோர் யாவர் என்பனவற்றை அவை கூறா. ஆயினும் சங்கச் செய்யுட்களும், திருக்குறளும், பிற்காலத்துச் சமய மரபு வரலாறுகளும் இவ்வினாவிற்குரிய விடைகள் சிலவற்றைத் தம்முள் கொண்டுள்ளன. அவற்றைத் தொகுத்து ஒருமுகப்படுத்தி ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வாராய்ச்சிக்கு இரு சொற்கள் அடிப்படையாவன. ஒன்று அரண்; மற்றொன்று புகல். அரண் என்பது காவல், கோட்டை, கவசம், காவற்காடு முதலிய பொருள்களைத் தரும். புகல் என்பது புகுதலின் அடியாகப் பிறந்து, அடைக்கலம், இருப்பிடம் என்னும் பொருள்களைத் தருவது. விருப்பம் என்னும் பொருளும் அச்சொல்லிற்கு உண்டு. இரண்டனையும் ஒரு பொருளன போலக் கொண்டு, உயர்ந்த மலையும் அடர்ந்த காடும் உள்ள இடமே தஞ்சம் புகுதற்கு உரிய இடம் என்று கருதுவார் பலர். அக்கருத்துப் பொருந்துமா என்பது ஈண்டு ஆராயப்படும். அரண் பகைவரை எதிர்த்து நிற்பதற்கு உரியது. புகல் பகைவர் கண்ணில் படாது வாழ்வதற்கு உரியது. இரண்டிற்கும் இடந்தேர் முறை வேறு என்பதே யாம் நிறுவ விழையும் கருத்து.

2. நூலோர் கூறும் அரணிலக்கணம்

தொல்காப்பியர் மதில் முற்றுதலையும் மதில் காத்தலையும் உழிஞை என்னும் ஒரு திணையுள் அடக்கினார். ஐயனாரிதனார் தம் புறப்பொருள் வெண்பாமாலையில் காத்தலை நொச்சி எனத் தனித் திணையாகப் பிரித்தார். முற்றுவோனும் காப்போனும் ஒரு தொழிலின் இரு கூறு என்பது முன்னையோர் கருத்து. காத்தற்குத் தனி அறமும் தனித் திறமும் உண்டு என்பது பின்னையோர் கருத்து. எனினும் இவ்விரு நூல்களும் மதிலையும் மறவரையுமே பேசுகின்றன. மதிலை விட்டு நீங்கியோரைப் பற்றி அவை கருதவில்லை.

திருவள்ளுவர் ஒருபடி மேற்சென்றார். 'அரண்' என்னும் எழுபத்தைந்தாம் அதிகாரத்தின் முதற் குறளிலேயே, பிறர்மேற் செல்லும் ஆற்றல் உடையார்க்கு மட்டுமன்றி, அஞ்சித் தம்மைக் காத்துக்கொள்வார்க்கும் அரண் சிறந்த பொருள் என்று அவர் இருதிறத்தாரையும் எண்ணினார். அச்சத்தால் ஒதுங்குவோரை இழித்துக் கூறாமல், அவர்க்கும் உரியதோர் உறுதிப்பொருளாக அரணைக் கூறிய அக்குறள் கூர்ந்து நோக்கத்தக்கது.

அடுத்த குறளில் தெளிந்த நீர், வெளி நிலம், மலை, நிழல் செறிந்த காடு ஆகிய நான்கனையும் அரணின் உறுப்பாக வள்ளுவர் வைத்தார். பரிமேலழகர் இவற்றை நீரரண், நிலவரண், மலையரண், காட்டரண் என வகுத்துரைத்தார். இவை இயற்கையின் கூறுகள். பின்வரும் குறள்களில் உயரமும் அகலமும் திண்மையும் கூறப்படுகின்றன. இவை செயற்கையின் கூறுகள். அவற்றை அடுத்து வருவனவே நம் ஆராய்ச்சிக்கு இன்றியமையாதன. உணவு உள்ளே சேர்த்து வைக்கப்பட்டிருத்தல் வேண்டும் என்றும், உள்ளிருப்பார் நிலைத்து வாழ்தற்கு எளிதாதல் வேண்டும் என்றும், இடுக்கண் வந்துழி உதவும் நல்லார் இருத்தல் வேண்டும் என்றும் அவர் கூறினார். பகைவர் முற்றியும் கைப்பற்றலாம். முற்றாது பொருதும் கைப்பற்றலாம். உள்ளிருப்பாரைக் கீழறுத்தும் கைப்பற்றலாம் என்று மூன்று வாயில்களை எண்ணி, அம்மூன்றற்கும் அசையாததே அரண் என்றார். எத்துணைச் சிறப்பிருப்பினும் செயல்திறம் உடையார் இல்வழி அரணாற் பயனில்லை என்று அதிகாரத்தை முடித்தார்.

இவ்வைப்பு முறையை நோக்குவார்க்கு ஓர் உண்மை புலனாகும். வள்ளுவர் நிலத்தில் தொடங்கி மக்களில் முடித்தார். மலையும் காடும் முதற்கண் கூறப்பட்டன. ஆயின் இறுதித் தீர்ப்பை அவர் மலைக்கும் காட்டிற்கும் தந்திலர்.

3. பறம்பு: தன்னிறைவுடைய மலையின் வரலாறு

நூலோர் கூறிய இலக்கணத்திற்கு முழுமையான இலக்கியமாக அமைந்தது வேள் பாரியின் பறம்பு மலை. அதனைச் சிவகங்கை மாவட்டத்துப் பிரான்மலை என்று கொள்வர். புறநானூற்றின் 109 ஆம் பாட்டில் கபிலர் அதன் வளத்தை விரிக்கின்றார். உழவர் உழாமலே அம்மலை நான்கு பயன்களை உடையது: மூங்கில் நெல், பலாப்பழம், வள்ளிக்கிழங்கு, தேன். மலை வானத்தைப் போன்று பரந்தது; அதன்கண் உள்ள சுனைகள் விண்மீன்களைப் போன்று பலவாயின. மரந்தோறும் யானைகளைப் பிணித்து, வயல்தோறும் தேர்களை நிறுத்தினும் மூவேந்தரால் அதனைப் போரிட்டுப் பெறுதல் இயலாது என்பது புலவர் துணிபு.

இப்பாட்டு வெறும் புகழுரை அன்று. முற்றுகைக்கு ஆளாகும் ஓர் இடத்திற்கு வேண்டுவன எவை என்னும் கணக்கு இதன்கண் உள்ளது. நால்வகை உணவுள் மாவுப்பொருள் தருவன இரண்டு: நெல்லும் கிழங்கும். கிழங்கு நிலத்துள் இருப்பது. பகைவர் தீயிட்டாலும் எளிதில் அழியாதது. பலாவும் தேனும் பருவத்தை ஒட்டியன. சுனைகள் பலவாதலின் ஒன்று வற்றினும் மற்றொன்று உதவும். பறம்பு நாட்டிற்கு முந்நூறு ஊர்கள் உண்டு என்றும், அவை அனைத்தும் பரிசிலர்க்குக் கொடுக்கப்பட்டுவிட்டன என்றும் அடுத்த பாட்டுக் கூறும் (புறம். 110). ஊர்கள் கைவிட்டுப் போயின. எஞ்சியது மலையும் பாரியும் புலவரும் என்பது அதனாற் போதரும். அஃதாவது, மலையைச் சூழ்ந்திருந்த விளைநிலங்களின் வருவாய் முற்றுகைக் காலத்தில் பாரிக்கு உரியதாக இல்லை.

இனி, அகநானூறு இச்செய்திக்கு ஒரு புதுக்கூற்றைச் சேர்க்கின்றது. நக்கீரர் பாட்டொன்று (அகம். 78), கபிலர் சூழ்ச்சியால் தொலைவிலிருந்து செந்நெற் கதிர்கள் கொண்டுவரப்பட்டன என்றும், அவ்வகையில் ஆண்டுகள் பல கழிந்தன என்றும் கூறுகின்றது. ஔவையார் பாட்டொன்று (அகம். 303), பறம்பின் குருவியினம் காலையிற் சென்று செந்நெல் கொணர்ந்து மாலையில் மீளும் செய்தியை உவமையாக ஆள்கின்றது. பறவைகளைப் பழக்கிக் கதிர் கொணரச் செய்தனர் என்று இதற்கு உரை கூறுவர். இது வரலாற்று நிகழ்ச்சியா, புனைந்துரையா என்னும் வினா ஒருபுறம் நிற்க. இரு பெரும் புலவர் நெஞ்சில் பதிந்திருந்த உண்மை யாது என்பதே ஈண்டு வேண்டப்படுவது. உழாது பெறும் நான்கு உணவு இருந்தும் பறம்பு வயல்நிலத்து நெல்லை நாடியது. மருதத்தினின்று முற்றும் அறுபட்ட குறிஞ்சி நெடுங்காலம் தனித்து வாழ்தல் அரிது. வெளியுலகத்தோடு ஒரு மெல்லிய இழையேனும் அறாது இருந்தாலன்றி முற்றுகை தாங்கப்படாது. இதனையே அப்பாட்டுகள் உணர்த்துகின்றன. தன்னிறைவுடைய மலை என்று நாம் போற்றும் பறம்பே தன்னிறைவு உடையதன்று என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டா.

பறம்பு வீழ்ந்த வகையும் நோக்கத்தக்கது. படையால் வெல்ல இயலாது. ஆயின் பாடியும் ஆடியும் சென்றால் பாரி நாட்டையும் குன்றையும் ஒருங்கே ஈவான் என்று கபிலர் மூவேந்தரை நோக்கிக் கூறினார். இகழ்ச்சி தோன்றக் கூறிய இக்கூற்று அம்மலையின் உண்மையான வாயில் எது என்பதைக் காட்டிவிடுகின்றது. அதன் வாயில் கல்லால் ஆயதன்று. தலைவனின் இயல்பால் ஆயது. பாரி வஞ்சனையால் கொல்லப்பட்டான் என்னும் மரபு இதனோடு ஒத்துச் செல்கின்றது. வள்ளுவர் எண்ணிய மூன்று வாயில்களுள் இறுதியது பறம்பிற்குப் பொருந்துகின்றது.

அரண் வீழ்ந்தபின் நிகழ்ந்தனவே நம் வினாவிற்கு நேர் விடையாவன. தந்தையையும் குன்றையும் இழந்த மகளிர் இருவரையும் அழைத்துக்கொண்டு கபிலர் மலையை விட்டு இறங்கினார். அவர் வேறொரு மலையை நாடிற்றிலர். விச்சிக்கோவிடமும் இருங்கோவேளிடமும் சென்று அம்மகளிரை மணந்துகொள்ளுமாறு வேண்டினார் (புறம். 200, 201, 202). இருவரும் இசைந்திலர். இறுதியில் அவர்களைப் பார்ப்பாரிடம் ஒப்புவித்துத் தாம் வடக்கிருந்தார் என்று 236 ஆம் பாட்டின் அடிக்குறிப்புக் கூறும். மூவேந்தர்க்கு அஞ்சிக் குறுநில மன்னர் மறுத்த அடைக்கலத்தைப் படையும் மதிலும் இல்லாத இல்லங்கள் அளித்தன. அரண் காவாத உயிரைப் புகல் காத்தது. பறம்பின் கதையை மலையின் கதையாக மட்டும் படிப்பார் இப்பிற்பகுதியைப் பொருட்படுத்துவதில்லை.

4. திருவரங்கம்: நீரரணை விட்டு நீங்கியோர்

சங்ககாலச் சான்று செய்யுள் வடிவினது. வரலாற்றுக் காலத்துச் சான்று ஒன்றை இனிக் காண்போம். பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாண்டிய அரசு உடன்பிறந்தார் பூசலால் பிளவுண்டது. மாறவர்மன் குலசேகரனுக்குப்பின் சுந்தர பாண்டியனும் வீர பாண்டியனும் தம்முள் பொருதனர். அந்நிலையில் 1311 இல் மாலிக் காபூரின் படை தமிழகத்திற் புகுந்தது. வீர பாண்டியன் கோட்டையுள் அடைபட்டு நிற்கவில்லை. காடுகளிற் புகுந்து மறைந்தான். மழையும் காடும் தடுத்தமையால் தொடர்ந்து சென்ற படையால் அவனைப் பிடிக்க இயலவில்லை என்பது அமீர் குசுரோவின் நூலால் அறியப்படும். 1323 இல் உலூக் கான் காலத்துப் படையெடுப்பு நிகழ்ந்தது. அதன்பின் மதுரையில் தில்லியின் ஆட்சியும், அதனின்று பிரிந்த சுல்தான்களின் ஆட்சியும் நிலவின. இங்கு நாம் ஆராய்வது படையெடுத்தோர் சமயத்தை அன்று. ஒழுங்கு குலைந்த காலத்தில் மக்கள் இடந்தேர்ந்த முறையையே. பறம்பை முற்றியோர் தமிழ் வேந்தர் மூவரே என்பதை நினைவிற் கொள்ளுதல் நன்று.

திருவரங்கம் காவிரிக்கும் கொள்ளிடத்திற்கும் இடைப்பட்ட தீவு; மதில் பல சூழ்ந்தது. நீரரணும் மதிலரணும் ஒருங்கமைந்த இடம் அதுபோற் பிறிதில்லை. எனினும் அப்பேரரணே அதற்குத் தீங்காயிற்று. செல்வமும் புகழும் உள்ள இடம் பகைவர் நெடுந்தொலைவிலிருந்து குறிவைக்கும் இடமாகும். படை வரும் செய்தி கேட்டவுடன், மூலவர் திருமுன் கற்சுவர் எழுப்பி மறைத்துவிட்டுப் பிள்ளை உலகாசிரியர் முதலியோர் திருவுலாப் படிமத்தை எடுத்துக்கொண்டு தென்திசை நோக்கிச் சென்றனர் என்று கோயிலொழுகும் குருபரம்பரை நூல்களும் கூறுகின்றன. கோயிலொழுகு பல காலத்தவரால் தொகுக்கப்பட்டது. ஆண்டுக் கணக்கில் முரண்பாடுகள் உடையது. இந்நிகழ்ச்சிக்கு 1323 ஆம் ஆண்டே பொருந்தும் என்பது பெரும்பான்மையோர் கொள்கை. படிமம் மீண்டும் திருவரங்கம் சேர்ந்த ஆண்டிற்கோ கல்வெட்டுச் சான்று உண்டு. சக ஆண்டு 1293, அதாவது கி. பி. 1371 இல், விசயநகர அதிகாரியான கோபணர் திருவேங்கட மலையிலிருந்து அதனைச் செஞ்சிக்குக் கொணர்ந்து, பின் திருவரங்கத்தில் எழுந்தருளச் செய்தார் என்பது அக்கல்வெட்டின் செய்தி. ஆகவே புறப்பாட்டின் ஆண்டு 1323 ஆயின் இடைப்பட்ட காலம் 48 ஆண்டுகளாகும்.

இந்நீண்ட காலத்தில் அவர்கள் தங்கிய இடங்களை வரிசைப்படுத்திக் காண்போம். முதலிடம் மதுரைக்கு அணித்தாகிய சோதிட்குடி. யானைமலையை அடுத்த கொடிக்குளமே அஃது என்பர். உலகாசிரியர் அவ்வூரிலேயே மறைந்தார். பின்னர்த் திருமாலிருஞ்சோலை, அதன்பின் மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அப்பாலுள்ள கோழிக்கோடு, பின்னர்த் திருக்கணாம்பி, திருநாராயணபுரம் என்னும் மேலுக்கோட்டை, இறுதியில் திருவேங்கட மலை. இதே காலத்தில் வேதாந்த தேசிகர், சுதர்சன சூரியின் சுருதப்பிரகாசிகை என்னும் உரையேட்டையும் அவருடைய மைந்தர் இருவரையும் காத்துக்கொண்டு காவிரிக்கரையிலுள்ள சத்தியாகாலத்திற்குச் சென்றார் என்பது மரபு.

இவ்விடங்களை நிலவியல் நோக்கிற் கண்டால் சில பொதுப்பண்புகள் புலனாகின்றன. முதலாவது, இவற்றுள் பெரும்பாலன அரசன் தலைநகரல்ல. பெரும் படைக்கலக் கோட்டைகளும் அல்ல. சோதிட்குடி பகைவர் செல்லக்கூடிய மதுரைக்கு மிக அணித்தாக இருந்தும் சிற்றூராதலின் கருதப்படாது விடப்பட்டது. தொலைவு அதனைக் காக்கவில்லை. சிறுமையே அதனைக் காத்தது. இரண்டாவது, திருக்கணாம்பி, சத்தியாகாலம், திருநாராயணபுரம் மூன்றும் இன்றைய கருநாடக மாநிலத்தின் தென்பகுதியில் அமைந்தவை. மலைவழிகளால் தமிழகத்தோடும் கேரளத்தோடும் தொடர்புடைய அப்பகுதியில் ஒரு வழி அடைபட்டால் மற்றொரு வழியால் நீங்கலாம். மூன்றாவது, ஒவ்வோர் இடத்திலும் முன்னரே கோயிலோ, அடியார் குடிகளோ, அறிந்த ஆசிரியரோ இருந்தனர். திருநாராயணபுரத்திற்கு இது சிறப்பாகப் பொருந்தும். பன்னிரண்டாம் நூற்றாண்டில் இராமானுசர் சோழன் ஒருவனுக்கு அஞ்சித் திருவரங்கத்தை விட்டு நீங்கியபோது புகலாகக் கொண்ட இடம் அதுவே என்பது அம்மரபினர் நினைவில் இருந்தது. முன்னோர் ஒருமுறை நடந்த வழியில் பின்னோர் மறுமுறை நடந்தனர். இடந்தேர்தல் என்பது ஒருநாளிற் செய்யப்படும் செயலன்று. தலைமுறைகளின் நினைவால் ஆயது என்பது இதனாற் பெறப்படும்.

ஈண்டு ஒரு தடை எழுப்பப்படலாம். போசளர் நாடும் அக்காலத்தில் அமைதியாக இருந்ததன்றே. துவாரசமுத்திரம் 1311 இல் தாக்கப்பட்டது. மூன்றாம் வல்லாளன் 1342 ஐ ஒட்டி, திருவரங்கத்திற்கு அண்மையிலுள்ள கண்ணனூரில் மதுரைச் சுல்தானொடு பொருத போரின் விளைவாக மாண்டான். அந்நாட்டுள் புகுந்தது எவ்வாறு காப்பாகும் என்பது அத்தடை. இதற்கு விடை அவர்கள் ஓரிடத்தையே பற்றி நில்லாமையில் உள்ளது. முழுக்காப்புடைய இடம் ஒன்றேனும் அந்நூற்றாண்டின் தென்னாட்டில் இல்லை. அதனை உணர்ந்தே அவர்கள் ஓரிடத்தில் அச்சம் நெருங்குமுன் மற்றோரிடத்தை நாடினர். அரண் நிலைத்து நிற்பது. புகல் நகர்ந்து செல்வது.

இந்நகர்வு இழப்பின்றி நிகழ்ந்தது என்று கருதுதல் தவறு. வழியில் கள்வரால் அணிகலன்களை இழந்தனர் என்றும், உடன் சென்றோர் தொகை வரவரக் குறைந்தது என்றும், இறுதியில் திருவேங்கட மலைச்சாரலின் ஆழ்ந்த பள்ளம் ஒன்றில் மூவர் மட்டும் படிமத்தைக் காத்து நின்றனர் என்றும் மரபு கூறும். ஆளற்ற காடு புகலாக அமைந்தது இவ்வொரு கட்டத்தில்தான். அது படிமத்தைக் காத்தது. ஆயின் அதனைக் காத்த மனிதர்க்கு அது வாழிடமாகவில்லை.

5. ஏடு பிழைத்த வகை

படிமம் மீண்ட செய்தி பலரும் அறிந்தது. தமிழ் ஆராய்வார்க்கு அதனினும் இன்றியமையாத செய்தி ஒன்று உண்டு. அது திருவாய்மொழியின் பேருரையாகிய ஈடு முப்பத்தாறாயிரப்படி நம் கைக்கு எட்டிய வரலாறு.

நம்பிள்ளை நிகழ்த்திய விரிவுரையை வடக்குத் திருவீதிப் பிள்ளை எழுதினார். அவ்வேடு பலர்க்கும் பரவாமல், ஈயுண்ணி மாதவரிடம் கொடுக்கப்பட்டு, ஆசிரியர் ஒருவர் மாணவர் ஒருவர் என்னும் முறையில் கைம்மாறி வந்தது. அமைதிக் காலத்தில் இம்முறை ஏட்டின் தூய்மையைக் காக்கும். குழப்பக் காலத்திலோ ஓர் ஆசிரியர் மறைந்தால் நூலே மறையும். இத்துணை மெல்லிய இழையில் தொங்கிய ஈடு, நாலூராச்சான் பிள்ளையிடமிருந்து திருமலையாழ்வார் என்னும் திருவாய்மொழிப் பிள்ளைக்குத் திருநாராயணபுரத்தில் கற்பிக்கப்பட்டது என்று குருபரம்பரை நூல்கள் கூறும். திருவாய்மொழிப் பிள்ளை பாண்டி நாட்டிற்கு மீண்டு, காடு மண்டிக் கிடந்த ஆழ்வார் திருநகரியைத் திருத்தி, ஊரையும் கோயிலையும் மீண்டும் நிறுவினார். அவரிடம் ஈடு கற்றவரே 1370 இல் பிறந்த மணவாள மாமுனிகள். அவர் வாயிலாக அவ்வுரை திருவரங்கம் சேர்ந்தது. பின்னரே அது பலரும் பயிலும் நூலாயிற்று.

இவ்வரலாற்றில் திருநாராயணபுரம் பெறும் இடம் யாது? அங்கு உணவும் நீரும் இருந்தன என்பது மட்டும் போதாது. கன்னடம் வழங்கும் நாட்டின் குன்றூர் ஒன்றில், தமிழ்ப் பாசுரத்தின் தமிழுரையை ஓர் ஆசிரியர் இருந்து கற்பிக்கவும், தொலைவினின்று மாணவர் வந்து கேட்கவும் இயன்றது. உயிர் பிழைத்தல் ஒன்றே கருதப்பட்டிருப்பின் ஏடு சுமையாகத் தோன்றியிருக்கும். ஆசிரியர்க்கு ஊண் அளிப்பது வீண் எனப்பட்டிருக்கும். அங்ஙனம் கருதாத மக்கள் அவ்வூரில் இருந்தமையே நமக்கு ஈட்டைத் தந்தது. வள்ளுவர் கூறிய, இடுக்கண் வந்துழி உதவும் நல்லார் என்னும் உறுப்பு ஈண்டு முற்றும் பொருந்துகின்றது. அவர்களுள் பெரும்பாலோர் பெயரை எந்நூலும் குறித்து வைக்கவில்லை.

6. ஓர் ஒப்புமை: கிரீட்டுத் தீவின் கார்ஃபி

நம் முடிபு தமிழகத்திற்கு மட்டும் உரியதா, பொதுவானதா என்று அறிதற்குப் பிறநாட்டுச் சான்றொன்றை நோக்குதல் தகும். கி. மு. 1200 ஐ ஒட்டிக் கிழக்கு மத்தியதரைக் கடற்பகுதியின் அரசுகள் பல சரிந்தன. மைசீனி, பைலோசு முதலிய இடங்களின் அரண்மனைகள் அழிந்தன. அக்காலத்தில் கிரீட்டுத் தீவின் மக்கள் பலர் கடற்கரை ஊர்களைத் துறந்து, ஏறுதற்கு அரிய உச்சிகளில் குடியேறினர். அவற்றுள் பெயர் பெற்றது இலாசித்திச் சமவெளியின் வடவிளிம்பில், கடல்மட்டத்திற்குமேல் ஏறத்தாழ 1,100 மீட்டர் உயரத்தில் அமைந்த கார்ஃபி. பென்டில்பரி என்னும் ஆங்கில அறிஞர் 1937 முதல் 1939 வரை அதனை அகழ்ந்தாய்ந்தார். இத்தகைய குடியிருப்புகள் அத்தீவில் பலவாக இருந்தன என்பதை நொவிட்சுக்கி என்னும் அறிஞர் 2000 இல் வெளியிட்ட நூலில் விரிவாகக் காட்டினார்.

கார்ஃபியின் குளிரும் காற்றும் கொடியன. எனினும் அதன் கீழே விளைநிலமும் மேய்ச்சல் நிலமும் பொருந்திய சமவெளி உண்டு, ஊற்றுகள் உண்டு, வடக்கே கடலில் வருவோரைக் காணத்தக்க நோக்கு உண்டு. உச்சி காவலைத் தந்தது. சமவெளி சோற்றைத் தந்தது. பறம்பு செந்நெல்லை நாடியதுபோல் கார்ஃபியும் கீழ்நிலத்தைச் சார்ந்தே வாழ்ந்தது. ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளின்பின், கி. மு. 1000 அளவில், மக்கள் அவ்வுச்சியை விட்டு நீங்கினர். அச்சம் நீங்கியபின் அரணில் வாழ்தல் சுமையேயாகும்.

ஒப்புமைக்கு மாறான வேற்றுமையும் உண்டு. கைகளை உயர்த்திய பெண் தெய்வங்களின் பெரிய சுடுமண் உருவங்கள் கார்ஃபியின் கோயிலில் கிடைத்துள்ளன. உச்சியை விட்டு இறங்கியோர் அவற்றை உடன் கொண்டுசெல்லவில்லை. மேலும், அரண்மனைக் கணக்கர் களிமண் ஏடுகளில் எழுதிவந்த எழுத்துமுறை அப்பேரழிவோடு கிரேக்க நிலத்தினின்று மறைந்தது. அது கணக்கர் சிலர் கையில் மட்டும் இருந்தமையால், அவரைப் புரந்த அரண்மனை வீழ்ந்தவுடன் தானும் வீழ்ந்தது. கிரேக்கர் மீண்டும் எழுதத் தொடங்கியபோது பினீசியரிடமிருந்து பெற்ற வேறோர் எழுத்தைக் கொண்டு எழுதினர். கார்ஃபி உயிரைக் காத்தது, எழுத்தைக் காக்கவில்லை. திருநாராயணபுரம் இரண்டையும் காத்தது. அரசனையும் அரண்மனையும் சாராது ஆசிரியர் மாணவர் தொடர்பிலும் கோயிற் குடிகளின் ஆதரவிலும் கல்வி தங்கியிருந்தமையே இவ்வேற்றுமைக்குக் காரணம் எனலாம்.

7. முடிபு

மேற்கூறியவற்றால் பெறப்படுவன வருமாறு.

முதலாவது, அரணும் புகலும் ஒன்றல்ல. உயரமும் திண்மையும் புகழும் அரணுக்கு அணி. புகலுக்கு அவை தீங்கு. திருவரங்கத்தின் மதில்கள் காவாததைச் சோதிட்குடியின் சிறுமை காத்தது.

இரண்டாவது, நீரும் உணவும் முதற்கண் வேண்டப்படுவன. ஆயின் முற்றும் தன்னிறைவுடைய இடம் என்பது பெரும்பாலும் புலவர் கற்பனையே. பறம்பும் கார்ஃபியும் தம்மைச் சூழ்ந்த வயல்நிலத்தைச் சார்ந்தே வாழ்ந்தன. ஆதலின் மலைக்கும் வயலுக்கும் இடைப்பட்ட, வழி பலவுடைய இடமே நெடுங்காலம் வாழ்தற்கு ஏற்றது.

மூன்றாவது, இடம் தருவோர் இன்றி இடம் இல்லை. பாரி மகளிர்க்கு விச்சிக்கோவின் நாடு இருந்தும் புகல் இல்லை. அவர்களை ஏற்றுக்கொண்ட இல்லங்கள் இருந்தமையின் புகல் இருந்தது. இவ்வுறவு இடுக்கண் வந்தபின் தேடிப் பெறுவதன்று. அமைதிக் காலத்திலேயே வளர்ந்திருக்க வேண்டுவது.

நான்காவது, மீளும் எண்ணம் உடையாரே பண்பாட்டைக் காத்தனர். ஏட்டைச் சுமந்து சென்றோர் அதனை மீண்டும் ஓதும் நாளைக் கருதினர். ஆழ்வார் திருநகரியின் காட்டை வெட்டியோர் பழைய ஊரின் எல்லைகளை நினைவில் வைத்திருந்தனர்.

இறுதியாக ஒன்று கூறல் வேண்டும். படிமத்தையும் ஏட்டையும் சுமந்தவர் வரலாறு எழுதப்பட்டுள்ளது. அவர்களோடு செல்ல இயலாது ஊரிலேயே தங்கிய உழவர், கைவினைஞர், முதியோர் ஆகியோர் வரலாறு எழுதப்படவில்லை. புகல் எல்லார்க்கும் கிட்டியதன்று. வழியறிந்தார்க்கும் உறவுடையார்க்குமே கிட்டியது. அரணைப் பற்றி நூலோர் எழுதினர். புகலைப் பற்றிச் சமய மரபினர் எழுதினர். புகலற்றாரைப் பற்றி எழுதுவார் இலர். பாழ்பட்ட ஊர்கள் மீண்டும் குடியேறிய செய்தியைக் கூறும் விசயநகரக் காலத்துக் கல்வெட்டுகளையும், ஊர்ப்பெயர் வழக்குகளையும், குடிகளின் இடப்பெயர்ச்சி பற்றி வாய்மொழியாக வழங்கும் கதைகளையும் ஒருங்கு வைத்து ஆராய்ந்தால் அவர்தம் வரலாற்றின் சில கூறுகளேனும் வெளிப்படும். அம்முயற்சியை மேற்கொள்ளும் இளம் ஆராய்ச்சியாளர்க்கு இக்கட்டுரை ஒரு தொடக்கமாக அமையுமாயின் இதன் பயன் நிறைவேறியதாகும்.